காற்றும் நீரும் நிறமும்: யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பெங் சுயி சரிவருமா?

(சங்கத்தின் நூற்றாண்டு விழா உரைத்தொடரில் ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்குப் பெரிய விடயங்கள் எத்தனையோ இருக்க, வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவிகள் ரெலிபோனில் என்னிடம் கேட்பதில் பாதி இதுதான். "ரீச்சர், ஊர் வீட்டைத் திருத்துறம். பெங் சுயிப்படி வடக்குச் சுவருக்குக் கறுப்பு, இல்லாட்டி நீலமாம். சரிவருமோ?" என்று ஒருத்தி. "வாஸ்துக்காரர் ஒண்டு சொல்லுறார், போனிலை இருக்கிற பெங் சுயி வேறை ஒண்டு சொல்லுது, எதை எடுக்கிறது ரீச்சர்?" என்று இன்னொருத்தி. மனையியல் படிப்பித்தவளுக்குச் சுவரின் சாதகமும் தெரியும் என்று நினைக்கிறார்கள்போலும்! கேட்பவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. இருந்த வீட்டை இழந்து, திரும்ப ஒன்றைக் கட்டுகிறவர்களுக்கு, இதுவாவது நிலைக்கவேண்டுமே என்ற பயம் இருக்கும். அந்தப் பயத்தோடுதான் நிற அட்டையைப் புரட்டுகிறார்கள்.

முதலில் பெங் சுயி என்பது என்ன என்று பார்ப்போம். பெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்பவரின் பெயரில் வழங்கும் ஒரு நூல் இதன் பழைய மூலங்களில் ஒன்று. அந்த நூலின் பொருள் வீடு கூட இல்லை, அடக்கம். முன்னோரை எந்த நிலத்தில் அடக்கினால் காற்று உயிர்ச்சக்தியைக் கலைக்காது, நீர் அதைத் தேக்கி வைக்கும் என்பதே அன்றைய கேள்வி. நிறங்கள் ஐந்து மூலங்களோடு சேர்ந்து வருகின்றன: கிழக்கு மரம், பச்சை, தெற்கு தீ, சிவப்பு, நடு மண், மஞ்சள், மேற்கு உலோகம், வெள்ளை, வடக்கு நீர், கறுப்பு. எங்கள் ஐம்பூதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மரமும் உலோகமும் உண்டு, வெளியும் காற்றும் இல்லை. பெயரிலேயே காற்றை வைத்திருக்கும் சாத்திரத்தின் ஐந்தில் காற்று கிடையாது!

இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு விடை வருவதற்கும் காரணம் உண்டு. பழைய முறைக்காரர் திசைகாட்டித் தட்டை வைத்து வடக்கு எது, தெற்கு எது என்று அளந்தார்கள். லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய புதிய முறையில் திசைகாட்டி தேவையில்லை. வாசலில் நின்று பார்த்து இது செல்வ மூலை, இது உறவு மூலை என்று பிரித்துவிடுவார்கள். புத்தகக் கடையிலும் போனிலும் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் கலந்த சாம்பார்.

ஆனாலும் அந்தச் சீன மரபை இலேசாக எண்ணிவிடக்கூடாது. பீஜிங் அரண்மனையில் பெரும்பாலான கூரைகளுக்கு மஞ்சள் ஓடு. மஞ்சள் நடு நிலத்தின் நிறம், பேரரசரின் நிறம். இளவரசர்கள் வசித்த கட்டடங்களுக்குப் பச்சை ஓடு. வளரும் மரத்தின் நிறம். 1776 இல் கட்டி முடித்த வென்யுவான் நூலகத்துக்குக் கறுப்பு ஓடு. கறுப்பு நீரின் நிறம். நீர் நெருப்பை அணைக்கும். ஓட்டின் நிறத்தை மட்டும் நம்பி அவர்கள் கைகட்டி இருக்கவில்லை. நூலகத்தின் முன்னால் உண்மையான நீரோடு ஒரு குளமும் வெட்டினார்கள். அதற்கு மாதிரியாக இருந்தது நிங்போ நகரில் 1561 இல் தொடங்கிய தியான்யி நூலகம். அங்கேயும் முன்னால் குளம் உண்டு. புகையும் மதுவும் மாடி ஏறக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டளை. நிறம் நினைவூட்டியது, குளமும் கட்டளையும் காத்தன.

நூலகம், நெருப்பு என்று சொல்லும்போது இந்த மண்டபத்தில் எல்லோருடைய மனமும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். 1959 இல் திறந்த எங்கள் பொதுசன நூலகம் 1981 மே 31 இரவு எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அந்த வெள்ளைக் கட்டடம் எரிந்தது நிறம் பிழைத்ததால் அல்ல. பின்னாளில் அதைத் திருத்தி மீண்டும் வெள்ளை பூசியபோது, கருகிய சுவரை அப்படியே விட்டிருக்கவேண்டாமா, வெள்ளை பூசினால் நடந்ததையும் சேர்த்துப் பூசிவிடுவோமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் படிக்க வெளிச்சமான இடம் வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்தச் சுவரின் நிறத்தைப் பற்றி ஊர் பேசியதில் திசையோ மூலையோ வரவே இல்லை. எங்கள் பல வீடுகளிலும் இதே கேள்வி சிறிய அளவில் உண்டு. செல்பட்ட துவாரங்களை அடைத்துப் பூசுவதா, ஒரு மூலையில் ஒன்றை விட்டுவைப்பதா? அதை வீட்டுக்காரர்தான் தீர்மானிக்கவேண்டும். நான் என் வீட்டில் எல்லாவற்றையும் அடைத்துப் பூசினேன்.

இனி எங்கள் ஊர் வெயிலுக்கு வருவோம். பீஜிங் வட அகலக்கோடு 40 பாகையில் இருக்கிறது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான். குளிர்காற்று வடக்கிலிருந்து வரும். ஆகவே தெற்கே வாசல் வைத்து, வடக்கே மலையை முதுகாக வைத்துக் கட்டினார்கள். தெற்குக்குச் சிவப்பும் வடக்குக்குக் கறுப்பும் கொடுத்தது ஒருவகையில் அந்த ஊரின் காலநிலைப் படம்தான். நாங்களோ தெற்கு வாசலை யமனுடைய திசை என்று தவிர்க்கிறோம். யாழ்ப்பாணம் இருப்பது 9 பாகை 40 கலையில். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் ஓகஸ்ட் கடைசிவரை நடுப்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. அந்த நாலரை மாதமும் வடக்குச் சுவரும் வெயில் வாங்கும். அந்தச் சுவருக்குக் கறுப்பு அடித்தால் பகல் வாங்கின சூட்டை இரவு அறைக்குள் விடும். புதிதாய்ப் பூசிய வெள்ளை, தன்மேல் படும் ஒளியில் பத்தில் ஏழெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு ஏறக்குறைய எல்லாவற்றையும் குடித்துவிடும்.

வருடம் முழுவதும் அதிகம் அடிபடுவது மேற்குச் சுவர். பின்னேர வெயில் சரிந்து வந்து நேரே அறையும். மேற்குக்கு வெள்ளை என்கிறது சீனத் தட்டு. இந்த ஒரு பக்கத்தில் எங்கள் வெயிலும் அவர்களும் ஒத்துப்போகிறார்கள், சந்தோஷமாக வெள்ளை அடியுங்கள்.

காற்றுக்கு எங்களிடம் பெயர்களே உண்டு. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான். வைகாசியில் சோளகம் எழும்பினால், செம்பாட்டு மண் ஊர்களில் தோட்டத்துப் புழுதி முழுவதும் தெற்கு, மேற்குச் சுவர்களில்தான். அங்கே பளிச்சென்ற வெள்ளை ஒரு மாதத்தில் கறை பிடிக்கும். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் காவி நிறப் பட்டை ஒன்று போட்டுவிட்டால் புழுதியும் மழைச் சேறும் தெரியாது. பழைய வீடுகளில் இதைக் கண்டிருப்பீர்கள். அழகுக்கென்று நினைத்திருப்பீர்கள்.

நீர் விடயத்தில்தான் இரண்டு சாத்திரமும் முட்டிக்கொள்கின்றன. வற்றாத ஆறு என்று ஒன்று எங்களிடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மனையடி சாத்திரம் வடகிழக்கு மூலையை, ஈசானத்தை, நீருக்குக் கொடுத்தது. சீனத் தட்டில் வடகிழக்கு மண்ணுக்கு உரியது. போதாக்குறைக்கு அவர்கள் கணக்கில் மண் நீரை அடக்குவது. ஆகவே கிணற்றடி மதிலுக்கு ஒருவர் இளநீலம் என்பார், மற்றவர் மஞ்சள் என்பார். கிணற்றடிக்கு எந்த நிறம் என்பதைவிட, அதிலிருந்து மலகூடக் குழி எவ்வளவு தூரம் என்று கேட்பவரே எனக்கு நல்ல வாஸ்துக்காரர். சுண்ணக்கல்லில் வெடிப்புகள் அதிகம், கழிவுநீர் வெகு விரைவில் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

எங்கள் பழைய சிற்ப நூல்கள் வீட்டு நிறம் பற்றி எவ்வளவு சொல்கின்றன என்று சிலர் கேட்பார்கள். மயமதம் போன்றவை நிறம் பேசும் முக்கியமான இடம் மண்தான். வெண்மண் இந்த வருணத்தாருக்கு, செம்மண் இவர்களுக்கு, மஞ்சள் மண் இவர்களுக்கு, கருமண் இவர்களுக்கு என்று பிரித்து வைத்தன. வாஸ்துவின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து படிப்பது நல்லது.

சாத்திரம் சொன்னதைவிட எங்கள் ஆட்கள் செய்தது எனக்குப் பிடிக்கும். காலடியில் கிடந்த சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, வடித்து, கொஞ்சம் பசையும் ஒரு துளி நீலமும் சேர்த்து, மாரி மழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின், தைப்பொங்கலுக்கு முன் வெள்ளை அடித்தார்கள். மழையில் பச்சைப் பாசி பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பின் காரம் மருந்து. பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்து மறுபடி கல்லாகிவிடும். நாங்கள் ஏழாம், எட்டாம் வகுப்பில் விஞ்ஞான அறையில் சுண்ணாம்பு நீருக்குள் ஊதி ஊதிப் பால்நிறமாக்கினோமே, அதே வேலைதான் சுவரில் நடக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழி உண்டு. உள்ளே சிவப்புச் சீமெந்து நிலம், வெளியே வெள்ளைச் சுவர், கோயிலுக்குப் போனால் நல்லூர் மதிலில் காவியும் வெள்ளையுமாக வரி வரியாய்ப் பட்டை. இவ்வளவும்தான் எங்கள் கண் பழகிய நிறங்கள்.

இப்போது கடையில் வாளி வாளியாகக் கிடைக்கும் பிளாஸ்ரிக் பெயின்றுக்கு அந்த மூச்சு இல்லை. 1990 இலும் 1995 ஒக்ரோபர் 30 இலும் விட்டுவிட்டுப் போன வீடுகள் பல, கூரை இல்லாமல் வருடக்கணக்காக மழையில் நின்றவை. அந்தச் சுவர்களுக்குள் உப்பும் உவரும் ஏறியிருக்கின்றன. அவற்றின்மேல் விலை உயர்ந்த பூச்சை அடித்தால் இரண்டு மாரிக்குள் கொப்பளித்து, பப்படம் பொரிந்தமாதிரி உரிந்து விழும். அதைப் பார்த்து "வீட்டிலை ஏதோ தோஷம்" என்று சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். தோஷம் அத்திவாரத்து ஈரம். முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று மேசனை வைத்துப் பார்க்கவேண்டும், ஒரு கோடை முழுக்கக் காயவிடவேண்டும், பழைய சுண்ணாம்புச் சுவருக்குத் திரும்பவும் சுண்ணாம்பே பூசலாம்.

வெளிநாட்டிலிருந்து குழந்தைகளோடு வந்து தங்கிப் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய கதவு, யன்னல்களில் பல தடவை அடித்த எனாமல் இருக்கும். மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற கடும் நிறங்களுக்கு முன்பு ஈயச் சேர்மங்களைச் சேர்த்தார்கள். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை வந்தது 2013 இல்தான். ஆகவே அதிர்ஷ்டத்துக்கு வாசற்கதவைச் சிவப்பாக்க ஆசைப்பட்டுப் பழைய பூச்சை உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், தூளைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள், அன்றைக்குப் பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய மாணவி லண்டனிலிருந்து தாயின் வீட்டைத் திருத்திக் கொடுத்தாள். தாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, வேலைக்கு வரும் பிள்ளையைத் தவிரத் துணை இல்லை. மகள் செலவைப் பாராமல் செய்தாள், அட்டவணையையும் விடாமல் பார்த்தாள். தாயின் அறை வடக்கில், ஆகவே கடும் நீலம். குளியலறைக்குக் கறுப்புத் தரையோடு. நான் பார்க்கப் போனபோது அம்மா விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். "ஏனம்மா, உள்ளுக்கு நல்ல அறை இருக்கு, இஞ்சை படுக்கிறியள்?" என்று கேட்டேன். "உள்ளுக்குப் போனா கிணத்துக்கை இறங்கின மாதிரிக் கிடக்கு பிள்ளை. மகளிட்டைச் சொல்லிப்போடாதை, காசு செலவழிச்சவள்" என்றார்.

அந்த அம்மாவின் கண்ணில் ஒன்றும் அதிசயமில்லை. வயது போகப்போகக் கண்வில்லை மஞ்சளாகும், கண்மணி சுருங்கும். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கடும் நீலம், கறுப்பு, மண்ணிறம் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். கறுப்புத் தரையில் ஈரம் தெரியாது. வெள்ளை நிலத்தில் வெள்ளைக் கொமட்டும் தெரியாது. வயோதிபர் இருக்கும் வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிடப் பெரிய அபசகுனம் எனக்குத் தெரியாது. கடைசியில் ரெலிபோனில் மகளுக்கு நானே சொன்னேன். கொஞ்சநேரம் அழுதாள், பிறகு, "நீங்களும் அம்மாவும் பாத்துச் செய்யுங்கோ ரீச்சர்" என்றாள். அறைக்கு முட்டைக் கோது நிறம், கதவு நிலைக்குக் கடும் மண்ணிறம், படிகளின் விளிம்பில் சிவப்புப் பட்டை, சுவிச்சைச் சுற்றி ஒரு நிறச் சட்டம். பெயின்ற் அடிக்கிற தம்பிக்கு இரண்டு நாள் வேலை. அம்மா உள்ளே போய்ப் படுத்தார்.

இன்னும் ஒரு கதையைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று நான் பலநாள் யோசித்தேன். பெங் சுயியில் தென்மேற்கு மூலைக்கு உறவு மூலை என்று பெயர். அங்கே இளஞ்சிவப்பு நல்லதாம், பொருள்களைச் சோடியாக வைக்கவேண்டுமாம். என்னிடம் படித்த ஒருத்தி, 2009 இல் கணவனைத் தொலைத்தவள், இதை எங்கோ வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்கடை வீட்டிலை அந்த மூலையிலைதான் ரீச்சர் விறகு அடுக்கி வைச்சிருந்தனாங்கள். அதாலையோ?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு எந்தச் சாத்திரத்தின்மேலும் பொறுமை இருக்கவில்லை. விறகு அடுக்கிய மூலையால் ஒரு மனிதன் காணாமற்போவதில்லை என்று பலமுறை சொன்னேன். காப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால், காக்கப்படாதவர்கள் பிழைவிட்டவர்கள் என்ற ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் குற்றச்சாட்டு எத்தனை வீட்டுக் கதவைத் தட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

துக்கத்துக்கு வெள்ளை என்பது சீனருக்கும் எங்களுக்கும் பொது. கணவனை இழந்தவளின் சீலைக்கு வெள்ளையை விதித்தவர்கள் அவள் வீட்டுச் சுவருக்கும் மங்கல் நிறத்தையே எதிர்பார்த்தார்கள். அவளுக்குப் பிடித்தது மாங்கொழுந்துப் பச்சை. "முன் சுவருக்கு இப்பிடியோ?" என்று சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள். அடித்தாள். அந்த ஒழுங்கையில் இப்போது வழி சொல்லும்போது "பச்சை வீட்டடியிலை திரும்புங்கோ" என்றுதான் சொல்கிறார்கள்.

நிறம் தெரியும்போது நான் செய்விக்கும் வேலை ஒன்றுதான். அட்டையில் விரல்நக அளவு பார்த்துவிட்டு வாளிக் கணக்கில் வாங்காதீர்கள். மிகச் சிறிய ரின் ஒன்று வாங்கி, சுவரில் இரண்டு அடிச் சதுரம் அடித்து ஒரு கிழமை விட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்கும், உச்சியிலும், பின்னேர வெயிலிலும், இரவு மின்குமிழ் வெளிச்சத்திலும், மின்சாரம் நின்றபிறகு விளக்கிலும் பாருங்கள். ரெலிபோன் படத்தை நம்பி ரொறன்ரோவிலிருந்து தீர்ப்புச் சொல்லவேண்டாம், கமராவுக்கு எங்கள் வெயில் பிடிபடாது. அந்த அறையில் படுப்பவர் யாரோ அவருடைய கதிரையைச் சதுரத்துக்கு முன்னால் போட்டு அவரைக் கேளுங்கள். அவர் திசையைக் கேட்டுத்தான் நிம்மதி அடைவார் என்றால் அதையும் பாருங்கள்; வடக்குக்கு நீலம் வேண்டுமென்றால் வானத்து இளநீலம் இருக்கிறது, அதில் வெயிலும் திரும்பும், சாத்திரமும் கோபிக்காது.

பக்கத்து மேசையில் நிற அட்டைகள் கொஞ்சம் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சுண்ணாம்பில் காவியும் நீலமும் அளவாகக் கலந்து பூசிய பலகைத் துண்டுகளும் உண்டு. தேநீர் முடிந்ததும் யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பாருங்கள், மண்டபத்து ரியூப் லைற்றுக்குக் கீழே பார்க்கவேண்டாம்.